ஜார்ஜ் நேப்பியா

ஜார்ஜ் நேப்பியா (ஏப்ரல் 25, 1905 - ஆகஸ்ட் 27, 1986) நியூசிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற ரக்பி ஆட்டக்காரர் ஆவார். மாவோரி இனத்தைச் சேர்ந்த இவர், ஆல் பிளாக்ஸ் என அழைக்கப்படும் நியூசிலாந்துத் தேசிய அணியில் புல்பேக் எனப்படும் கடைசிக் காவல் நிலையில் ஆடினார். 1924-25 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியத் தீவுகளிலும் பிரான்சிலும் சுற்றுப்பயணம் செய்து ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பிய அணியில், அங்கு நடந்த 30 ஆட்டங்களிலும் களமிறங்கிய ஒரே ஆட்டக்காரர் இவரே. அப்போது இவருக்கு வயது 19.

நேப்பியா தம் நாட்டிற்காக 9 டெஸ்ட் ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். எனினும் ரக்பி வரலாற்றின் மிகச் சிறந்த புல்பேக் யார் என்ற விவாதத்தில் இவருடைய பெயர் இன்றும் இடம்பெறுகின்றது. இவருடைய டெஸ்ட் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு, மாவோரியர் என்பதால் 1928 ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து விலக்கப்பட்டது ஒரு முக்கியக் காரணமாகும்.

இளமையும் கல்வியும்

நேப்பியா நியூசிலாந்தின் வடக்குத் தீவின் கிழக்குக் கரையிலுள்ள வைரோவா என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய குடும்பம் அப்பகுதியின் பெரிய மாவோரிக் குலங்களுள் ஒன்றான ங்காட்டி ககுங்குனு குலத்தைச் சேர்ந்தது. தொடக்கக் கல்வியை அருகிலிருந்த நூஹாகா என்னும் ஊரின் மாவோரிப் பள்ளியில் கற்றார்.

அடுத்து இவர் மாவோரி இளைஞர்களுக்குப் பெயர்பெற்ற டே ஆவுட்டே கல்லூரியில் சேர்வதாக இருந்தது. ஆனால் இவர் சேர்ந்தது ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அருகிலிருந்த மாவோரி வேளாண் கல்லூரி ஆகும். மோர்மன் சபையினர் 1913 ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கல்லூரியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர்கள் பணியாற்றினர். அமெரிக்கக் கால்பந்து வழக்கத்திலிருந்து அவர்கள் கொண்டுவந்த சுழல் உதையை நேப்பியா அங்குக் கற்றுக்கொண்டார். பந்தைத் தன் அச்சில் சுழலுமாறு உதைத்தால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். பிற்காலத்தில் இவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த நீண்ட உதைகளின் அடிப்படை இதுவாகும். இக்கல்லூரி 1931 ஆம் ஆண்டின் ஹாக்ஸ் பே நிலநடுக்கத்தில் சேதமடைந்து மூடப்பட்டது.

ஹாக்ஸ் பே அணியில்

1920களின் தொடக்கத்தில் நேப்பியா ஹாக்ஸ் பே மாகாண அணியில் இடம்பெற்றார். நார்மன் மெக்கென்சியின் வழிகாட்டலில் இருந்த அவ்வணி அக்காலத்தில் நியூசிலாந்தின் வலிமை மிக்க மாகாண அணியாக விளங்கியது. நியூசிலாந்தில் ரான்ஃபர்லி கேடயம் என்பது மாகாண அணிகளுக்கு இடையிலான அறைகூவல் பரிசாகும். கேடயத்தை வைத்திருக்கும் அணியை மற்ற அணிகள் அதன் சொந்தக் களத்திற்குச் சென்று வென்றாக வேண்டும். 1922 ஆம் ஆண்டில் இக்கேடயத்தை வென்ற ஹாக்ஸ் பே அணி, 1927 வரை 24 அறைகூவல்களை முறியடித்து அதனைத் தக்கவைத்திருந்தது. பின்னாளில் ஆல் பிளாக்ஸ் அணியில் நேப்பியாவுடன் ஆடிய மாரிஸ் பிரவுன்லி, சிரில் பிரவுன்லி ஆகிய சகோதரர்களும் இவ்வணியினரே.

தொடக்கத்தில் நேப்பியா புல்பேக் ஆட்டக்காரர் அல்லர். பின்வரிசையின் வேறு நிலைகளிலேயே ஆடிவந்தார். 1924 ஆம் ஆண்டில் தேசிய அணிக்கான தேர்வாட்டங்களின்போது தேர்வாளர்கள் இவரைப் புல்பேக் நிலையில் ஆடவைத்துப் பார்த்தனர். அந்நிலையில் இவர் காட்டிய திறமையைக் கண்டு, பிரித்தானியா செல்லும் அணியில் இவரைச் சேர்த்தனர்.

1924-25 சுற்றுப்பயணம்

பின்னணி

1905 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தானியா சென்ற ஆல் பிளாக்ஸ் அணி, கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியிடம் 0-3 என்ற கணக்கில் தோற்றது. அவ்வாட்டத்தில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் எடுத்ததாகக் கூறப்பட்ட டிரை ஏற்கப்படவில்லை. அத்தீர்ப்பு சரியா தவறா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. எனவே 1924 ஆம் ஆண்டில் கிளிஃப் போர்ட்டரின் தலைமையில் புறப்பட்ட அணியிடமிருந்து நியூசிலாந்து மக்கள் எதிர்பார்த்த முதல் வெற்றி வேல்ஸ் அணிக்கு எதிரானதே.

ஆட்டங்கள்

இங்கிலாந்தில் முதல் ஆட்டம் 1924 செப்டம்பர் 13 அன்று டெவன் அணிக்கு எதிராக நடந்தது. பிரான்சில் கடைசி ஆட்டம் 1925 சனவரி 18 அன்று நடைபெற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் 30 ஆட்டங்கள் நடந்தன. அதாவது சராசரியாக நான்கு நாட்களுக்கு ஓர் ஆட்டம். அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரைக் களமிறக்கும் வழக்கம் இல்லை. ஒருவர் காயமடைந்து வெளியேறினால் எஞ்சியவர்களே ஆட்டத்தை முடிக்க வேண்டும். இந்நிலையில் 19 வயது இளைஞர் ஒருவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் ஆடியது அன்றே வியப்புடன் பேசப்பட்டது.

இப்பயணத்தில் நேப்பியா ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் பின்வருமாறு:

- 1924 நவம்பர் 1, டப்ளின்: அயர்லாந்திற்கு எதிராக 6-0 வெற்றி
- 1924 நவம்பர் 29, சுவான்சி: வேல்சுக்கு எதிராக 19-0 வெற்றி
- 1925 சனவரி 3, டுவிக்கன்ஹாம்: இங்கிலாந்திற்கு எதிராக 17-11 வெற்றி
- 1925 சனவரி 18, துலூஸ்: பிரான்சிற்கு எதிராக 30-6 வெற்றி

எல்லா ஆட்டங்களும் எளிதாக அமையவில்லை. நியூபோர்ட் கழக அணிக்கு எதிராக 13-10 என்ற கணக்கிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 5-0 என்ற கணக்கிலுமே ஆல் பிளாக்ஸ் வென்றனர். இங்கிலாந்திற்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சிரில் பிரவுன்லியை நடுவர் ஆல்பர்ட் ஃப்ரீதி களத்திலிருந்து வெளியேற்றினார். பன்னாட்டு ரக்பி ஆட்டமொன்றில் ஒருவர் வெளியேற்றப்பட்டது அதுவே முதல் முறை. இங்கிலாந்து அணி 1923, 1924 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்த அணி. அவ்வணியை எஞ்சிய 14 பேருடன் நியூசிலாந்து வென்றது.

பிரான்சிலிருந்து அணி கனடா வழியாக நாடு திரும்பியது. கனடாவில் நடந்த இரு ஆட்டங்களையும் சேர்த்து மொத்தம் 32 ஆட்டங்களையும் வென்றது. அணி எடுத்த புள்ளிகள் 838, எதிரணிகள் எடுத்த புள்ளிகள் 116. இதனால் அவ்வணிக்கு வெல்லப்படாதவர்கள் என்ற பெயர் நிலைத்தது. மாவோரிகளின் மரபு ஆட்டமான ஹக்காவை ஆட்டத் தொடக்கத்தில் முன்னின்று நடத்தியவரும் நேப்பியாவே.

நேப்பியாவின் ஆட்டமுறை

நேப்பியாவின் புகழைப் புரிந்துகொள்ள, அக்காலத்தில் புல்பேக் ஆற்றிய பணியை அறிதல் வேண்டும். இன்றைய ரக்பியில் புல்பேக் தாக்குதலில் பெரும் பங்கு வகிக்கின்றார். 1920களிலோ அவர் பெரும்பாலும் தம் அணியின் பின்னால் தனியாக நின்று காப்பவராகவே இருந்தார். அவரைத் தாண்டிவிட்டால் எதிரணிக்கு டிரை உறுதி.

அவருக்கு மூன்று பணிகள் இருந்தன. முதலாவது, உயரே உதைக்கப்பட்டு வரும் பந்தைப் பிடித்து, எதிரணியினர் நெருங்குமுன் பக்கக்கோட்டிற்கு வெளியே உதைத்து அனுப்புதல். அக்கால விதிகளின்படி களத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் பந்தை நேரடியாக வெளியே உதைக்கலாம். உதைத்த அணிக்கு அவ்வளவு தொலைவும் ஆதாயமாகும். எனவே நீண்ட உதை உடைய ஒருவர் தனியாகவே தம் அணியை முன்னே நகர்த்த முடிந்தது. இரண்டாவது, காவலை உடைத்து வரும் எதிராளியை மடக்கி வீழ்த்துதல். மூன்றாவதே மிகக் கடினமானது. எதிரணியின் முன்வரிசையினர் பலர் ஒன்றுசேர்ந்து பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு ஓடிவருவர். அவர்களுடைய கால்களுக்கு இடையே விழுந்து பந்தைக் கைப்பற்றுவது புல்பேக்கின் கடமையாகும்.

நேப்பியா இம்மூன்றிலும் சிறந்து விளங்கினார். குறிப்பாக மூன்றாவதில் இவர் வேறு வழியைக் கையாண்டார். பந்தின்மீது வெறுமனே விழுந்து கிடக்காமல், ஓடிவருபவர்களை நோக்கிப் பாய்ந்து பந்தைப் பறித்துக்கொண்டு, அவர்களைத் தள்ளியபடியே எழுந்து நிற்பது இவருடைய வழக்கம். அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளின் முன்வரிசையினர் இத்தகைய உருட்டு ஆட்டத்தில் வல்லவர்கள் ஆதலால், அங்குள்ள பார்வையாளர்கள் இவருடைய துணிவை நன்கு உணர்ந்திருந்தனர்.

1926-27 ஆம் ஆண்டுகளில் வெளிநாடுகளுக்குச் சென்ற மாவோரி அணியிலும் நேப்பியா இடம்பெற்றார். அவ்வணி பிரான்சு, பிரித்தானியா ஆகிய நாடுகளுக்குச் செல்லும் வழியில் இலங்கையிலும் ஆடியது.

தென்னாப்பிரிக்காவும் 1928 ஆம் ஆண்டு விலக்கமும்

1928 ஆம் ஆண்டில் ஆல் பிளாக்ஸ் அணி முதன்முறையாகத் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றது. அக்காலத்தில் ரக்பியில் நியூசிலாந்திற்கு இணையாகக் கருதப்பட்ட நாடு தென்னாப்பிரிக்கா ஒன்றே. எனவே தம் தலைமுறையின் ஆட்டக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சோதனைக்களம் இல்லை.

இப்பயணத்திற்கு மாவோரி ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கப்படமாட்டார்கள் என நியூசிலாந்து ரக்பி ஒன்றியம் முடிவு செய்தது. இம்முடிவிற்குப் பின்னால் தென்னாப்பிரிக்க வெள்ளையரின் இனவொதுக்கல் கொள்கை இருந்தது. 1921 ஆம் ஆண்டில் நியூசிலாந்திற்கு வந்த தென்னாப்பிரிக்க அணி, நேப்பியர் நகரில் மாவோரி அணியுடன் ஆடி 9-8 என்ற கணக்கில் வென்றது. வெள்ளையரான பார்வையாளர்கள் தம் இனத்தவருக்கு எதிராக மாவோரிகளை ஊக்குவித்ததைக் கண்டித்துத் தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் ஒருவர் தம் நாட்டிற்கு அனுப்பிய தந்தி வெளியே கசிந்து, நியூசிலாந்தில் பெரும் சினத்தை ஏற்படுத்தியது. ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர் நியூசிலாந்து ஒன்றியம் அதே கண்ணோட்டத்திற்கு இணங்கி அணியைத் தேர்ந்தெடுத்தது.

இதனால் நேப்பியாவும், வெல்லப்படாத அணியில் இவருடன் ஆடிய ஜிம்மி மில்லும் நாட்டிலேயே விடப்பட்டனர். தென்னாப்பிரிக்காவில் நடந்த நான்கு டெஸ்ட் ஆட்டங்களில் இரு அணிகளும் இரண்டிரண்டு வென்று தொடர் சமமாக முடிந்தது. டர்பனில் நடந்த முதல் டெஸ்டில் பென்னி ஓஸ்லரின் உதைகளால் நியூசிலாந்து 0-17 எனத் தோற்றது. நீண்ட உதைகளே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்த இத்தொடரில் நேப்பியா இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது நியூசிலாந்து ரக்பி வரலாற்றில் விடை காண முடியாத கேள்விகளுள் ஒன்றாகும்.

இந்த விலக்கம் நேப்பியாவுடன் முடிந்துவிடவில்லை. 1949 ஆம் ஆண்டுப் பயணத்திலும், 1960 ஆம் ஆண்டுப் பயணத்திலும் மாவோரிகள் சேர்க்கப்படவில்லை. 1960 ஆம் ஆண்டில் மாவோரிகள் இல்லையேல் பயணமும் இல்லை என்னும் முழக்கத்துடன் நாடு தழுவிய இயக்கம் நடைபெற்றது. 1967 ஆம் ஆண்டிற்குத் திட்டமிடப்பட்ட பயணம் கைவிடப்பட்டது. 1970 ஆம் ஆண்டில்தான் மாவோரிகள் ஆல் பிளாக்ஸ் அணியினராகத் தென்னாப்பிரிக்காவில் ஆட முடிந்தது. அப்போதும் அந்நாட்டு அரசு அவர்களை மதிப்புறு வெள்ளையர் என்ற தகுதியிலேயே அனுமதித்தது.

1929, 1930 ஆம் ஆண்டுகள்

1929 ஆம் ஆண்டில் ஆத்திரேலியா சென்ற அணியில் நேப்பியா மீண்டும் இடம்பெற்றார். ஆனால் ஒரே ஒரு டெஸ்டில் மட்டுமே ஆடினார். அத்தொடரின் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் நியூசிலாந்து தோல்வியுற்றது.

1930 ஆம் ஆண்டில் பிரித்தானிய அணி நியூசிலாந்திற்கு வந்தபோது நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலும் நேப்பியா ஆடினார். முதல் ஆட்டத்தில் தோற்ற நியூசிலாந்து, அடுத்த மூன்றையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. அதுவே இவருடைய கடைசி டெஸ்ட் தொடராகும். ஆல் பிளாக்ஸ் அணிக்காக இவர் ஆடிய மொத்த ஆட்டங்கள் 46.

ரக்பி லீக்

நேப்பியா, ங்காட்டி போரோவு குலத்தைச் சேர்ந்த ஹுயிங்கா கோஹெரே என்பவரை மணந்து, கிழக்குக் கரையின் ரங்கிட்டூக்கியா என்னும் சிற்றூரில் பால்பண்ணை நடத்தி வாழ்ந்தார். அக்கால ரக்பி யூனியன் முற்றிலும் ஊதியமற்ற விளையாட்டு ஆகும். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரராயினும் ஆட்டத்தின் மூலம் வருவாய் ஈட்டுதல் கூடாது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பண்ணைப் பொருட்களின் விலை வீழ்ந்தபோது நேப்பியாவின் குடும்பமும் இன்னலுற்றது.

1935 ஆம் ஆண்டில் பிரித்தானியா செல்லவிருந்த ஆல் பிளாக்ஸ் அணியில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஸ்ட்ரெத்தம் மிச்சம் என்னும் ரக்பி லீக் கழகம் 500 பவுண்டு தருவதாக அழைத்தது. ரக்பி லீக் என்பது 1895 ஆம் ஆண்டில் யூனியனிலிருந்து பிரிந்த, 13 பேர் கொண்ட, ஊதியம் வழங்கும் விளையாட்டாகும். அக்காலத்தில் அதில் ஒருமுறை ஆடியவருக்கு யூனியனின் கதவுகள் வாழ்நாள் முழுதும் அடைக்கப்பட்டன. இதனை அறிந்தே நேப்பியா அழைப்பை ஏற்று இங்கிலாந்து சென்றார்.

இலண்டனிலும் பின்னர் ஹாலிஃபாக்ஸ் கழகத்திலும் ஆடிய இவர், தம் குரல்வளத்தால் அங்கு ஓர் இசைத்தட்டும் பதிவு செய்தார். நியூசிலாந்து திரும்பியபின் ஆக்லாந்தின் மனுகாவு கழகத்தில் சேர்ந்தார். 1937 ஆம் ஆண்டில் ஆத்திரேலிய லீக் அணியை 16-5 என்ற கணக்கில் வென்ற மாவோரி அணியிலும், அதே அணியை 16-15 என்ற கணக்கில் வென்ற நியூசிலாந்து அணியிலும் நேப்பியா இடம்பெற்றார். இதன்மூலம் யூனியன், லீக் ஆகிய இரண்டிலும் நாட்டிற்காக ஆடிய சிலருள் ஒருவரானார்.

மீண்டும் யூனியன் களத்தில்

இரண்டாம் உலகப் போரை ஒட்டி, லீக் ஆடியவர்களுக்கு நியூசிலாந்து ரக்பி ஒன்றியம் பொதுமன்னிப்பு வழங்கியது. இதனால் நேப்பியா யூனியன் ஆட்டத்திற்குத் திரும்ப முடிந்தது. 1947 ஆம் ஆண்டில், தம் 42 ஆவது வயதில், கிழக்குக் கரை மாகாண அணிக்காக ஆடினார்.

1950 ஆம் ஆண்டில் ஒலிம்பியன்ஸ் கழக அணியின் தலைவராகப் பவர்ட்டி பே அணிக்கு எதிராகக் களமிறங்கினார். அப்போது இவருடைய வயது 45 ஆண்டுகளும் 158 நாட்களும் ஆகும். நியூசிலாந்தின் முதல்தர ரக்பியில் ஆடிய மிக மூத்தவர் என்ற பெருமை இதனால் இவருக்குக் கிடைத்தது. எதிரணியான பவர்ட்டி பே அணியின் தலைவர் இவருடைய மகன் ஜார்ஜ் நேப்பியா ஆவார். தந்தையும் மகனும் எதிரெதிர் அணிகளின் தலைவர்களாக முதல்தர ஆட்டமொன்றில் ஆடியது வேறெங்கும் காண்பதற்கரிய நிகழ்வாகும்.

பிற்கால வாழ்க்கை

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நேப்பியா தம் பகுதியில் நடுவராகப் பணியாற்றினார். 1963 ஆம் ஆண்டில் விளையாட்டு எழுத்தாளர் டெரி மெக்லீனுடன் இணைந்து எழுதிய தன்வரலாற்று நூல் வெளிவந்தது. இவருடைய மனைவி 1975 ஆம் ஆண்டில் காலமானார்.

1982 ஆம் ஆண்டில் மாவோரி அணி வேல்சுக்குச் சென்றபோது நேப்பியாவும் உடன் சென்றார். சுவான்சி களத்தில் இவர் அறிமுகப்படுத்தப்பட்டபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றது. 58 ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில்தான் நேப்பியாவின் அணி வேல்சை 19-0 என வென்றிருந்தது. அங்கு நின்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவர் ஆடியதை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. தம் தந்தையரும் பாட்டன்மாரும் கூறக் கேட்டவர்களே.

நேப்பியா 1986 ஆகஸ்ட் 27 அன்று ருவட்டோரியா என்னும் ஊரில் காலமானார். ரங்கிட்டூக்கியாவில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடும் விவாதங்களும்

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களை ஒப்பிடும்போது பொதுவாக முதலில் பார்க்கப்படுவது டெஸ்ட் ஆட்டங்களின் எண்ணிக்கை ஆகும். அவ்வகையில் நேப்பியாவின் 9 மிகச் சிறியது. இவருக்குப் பின் வந்த நியூசிலாந்துப் புல்பேக்குகளுள் பாப் ஸ்காட் 17 டெஸ்ட் ஆட்டங்களிலும், டான் கிளார்க் 31 டெஸ்ட் ஆட்டங்களிலும் ஆடினர். 1971 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற காலின் மீட்ஸ் ஆடியவை 55. ஊதியம் பெறும் காலத்தின் ரிச்சி மெக்காவ் 148 டெஸ்ட் ஆட்டங்களிலும், சாம் வைட்லாக் 153 டெஸ்ட் ஆட்டங்களிலும் ஆடியுள்ளனர்.

ஆனால் இவ்வெண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. நியூசிலாந்தின் கணக்குப்படி, நேப்பியாவின் முதல் டெஸ்டான 1924 நவம்பரிலிருந்து கடைசி டெஸ்டான 1930 வரை அந்நாடு ஆடிய மொத்த டெஸ்ட் ஆட்டங்கள் 15 மட்டுமே. 1925 சனவரிக்கும் 1928 ஆம் ஆண்டிற்கும் இடையில் ஒரு டெஸ்ட் கூட நடைபெறவில்லை. இந்தப் பதினைந்தில் நேப்பியா ஒன்பதில் ஆடினார். ஆடாத ஆறில் நான்கு, இனத்தின் காரணமாக விலக்கப்பட்ட 1928 ஆம் ஆண்டுத் தொடருக்கு உரியவை. ஆகவே ஒன்பது என்னும் எண்ணில் இவருடைய திறமை மட்டுமல்லாமல், பிறர் எடுத்த முடிவும் பதிவாகியுள்ளது.

இவருடைய புகழ் மிகைப்படுத்தப்பட்டது என்போரின் வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. முதலாவதாக, அப்புகழ் பெரும்பாலும் ஒரே சுற்றுப்பயணத்தின் அடிப்படையில் அமைந்தது. இரண்டாவதாக, அவ்வணியின் முன்வரிசை மிக வலிமையானது; அத்தகைய அணியின் பின்னால் நிற்பவருக்குச் சுமை குறைவு என்பர். மூன்றாவதாக, அப்பயணத்தில் ஸ்காட்லாந்துடன் ஆட்டம் நடைபெறவில்லை. பயண ஏற்பாடு தொடர்பான மனத்தாங்கலால் ஸ்காட்லாந்து ஒன்றியம் ஆட மறுத்தது. அதே 1925 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்றது என்பது குறிப்பிடத்தக்கது. நான்காவதாக, 1929 ஆம் ஆண்டிலும் அதன்பின்னரும் நேப்பியா பழைய நிலையை முழுமையாக எட்டவில்லை.

ஆட்டமுறையின் மாற்றமும் ஒப்பீட்டைக் கடினமாக்குகின்றது. 1960களின் இறுதியில், களத்தின் பெரும்பகுதியிலிருந்து பந்தை நேரடியாக வெளியே உதைப்பதால் கிடைத்த ஆதாயத்தை விதிமாற்றம் நீக்கியது. அதன்பின்னர் புல்பேக் பந்துடன் ஓடித் தாக்குபவராக மாறினார். வேல்சின் ஜே. பி. ஆர். வில்லியம்ஸ், பிரான்சின் செர்ஜ் பிளாங்கோ ஆகியோர் இம்மாற்றத்தின் சிறந்த எடுத்துக்காட்டுகள் ஆவர். டிரைகளை எண்ணி இவர்களையும் நேப்பியாவையும் ஒப்பிடுதல், இரு வேறு தொழில் செய்தவர்களின் கூலியை ஒப்பிடுதல் போன்றது. டான் கிளார்க் ஆல் பிளாக்ஸ் அணிக்காக 781 புள்ளிகள் எடுத்தார். நேப்பியாவின் பணியோ புள்ளி எடுப்பதைவிட எதிரணி புள்ளி எடுக்காமல் தடுப்பதாகவே இருந்தது. தடுக்கப்பட்ட டிரைகளுக்குக் கணக்கேடு இல்லை.

தொலைக்காட்சி இல்லாத காலத்தில் ஆடியவர் என்பதால், இவருடைய ஆட்டத்தை இன்று மதிப்பிட நேரில் கண்டவர்களின் எழுத்துக்களே பெரும்பாலும் துணையாக உள்ளன. ஆங்கிலேய விளையாட்டு எழுத்தாளர் டென்சில் பேச்சலர், பிற புல்பேக்குகளை நேப்பியாவுடன் ஒப்பிடுவதே தேவையற்றது என்னும் அளவிற்கு இவரை உயர்த்தி எழுதினார். இத்தகைய பாராட்டுகளில் இளமை நினைவுகளின் மெருகு கலந்திருக்கக்கூடும். எனினும் அவற்றை எழுதியவர்களுள் பலர் தோற்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதும் கருதத்தக்கது.

நீண்ட காலம் ஆடியதை அளவுகோலாகக் கொண்டாலும் நேப்பியாவின் நிலை தனித்தன்மை உடையது. தேசிய அணியில் இவருடைய காலம் ஆறு ஆண்டுகள் மட்டுமே. ஆனால் முதல்தர ஆட்டத்தில் இவருடைய தொடக்கத்திற்கும் 1950 ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்திற்கும் இடையே கால் நூற்றாண்டிற்கும் மேற்பட்ட இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியில் ஒரு பகுதியை லீக்கிற்குச் சென்றதற்கான தடை விழுங்கியது.

மன்னிப்பும் நினைவும்

1990 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நியூசிலாந்து விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் நேப்பியாவின் பெயர் சேர்க்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் பன்னாட்டு ரக்பி புகழ் மண்டபம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தவர்களுள் இவரும் ஒருவர். பிளாங்கோ, ஜே. பி. ஆர். வில்லியம்ஸ் ஆகியோரும் அதே ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2011 ஆம் ஆண்டில் இவருடைய வாழ்வை அடிப்படையாகக் கொண்டு ஹோனே கவுக்கா எழுதிய நாடகம் அரங்கேறியது.

2010 மே மாதத்தில் நியூசிலாந்து ரக்பி ஒன்றியம், தென்னாப்பிரிக்கப் பயணங்களில் இனத்தின் காரணமாக விலக்கப்பட்ட மாவோரி ஆட்டக்காரர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தினரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. தென்னாப்பிரிக்க ரக்பி ஒன்றியமும் மன்னிப்புத் தெரிவித்தது. 1928 ஆம் ஆண்டு விலக்கத்திற்குப் பின் 82 ஆண்டுகளும், நேப்பியா மறைந்தபின் ஏறத்தாழ 24 ஆண்டுகளும் அப்போது கடந்திருந்தன.